முப்பத்தாறுக்கு வெட்டிய கோட்டு

அந்தத் தெருவில் எல்லாருடைய இடுப்பளவும் தையல்காரருக்கு மனப்பாடம், தன்னுடையதைத் தவிர. கடையில் வந்து நிற்கிற ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். "போன தடவைக்கு ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கே" என்று சொல்லி, நாலு பேர் முன்னால் அவரை நெளிய வைத்துவிடுவார். அவருடைய சொந்த வயிறு மட்டும் மிஷின் பலகைமேல் உரிமையோடு ஏறி உட்கார்ந்து பல வருஷமாகிறது. அதை அவரும் கண்டுகொண்டதில்லை, மற்றவர்களும் வாய் திறந்ததில்லை. மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டு, அவரிடமே போய் வயிற்றைப் பற்றி யார் பேசுவது?

பேசினது ஒரு நர்ஸ். பிரஷர் மாத்திரை எழுதி வாங்கப் போன இடத்தில், அந்தப் பெண் கேட்காமல் கொள்ளாமல் டேப்பை எடுத்து அவரைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நாப்பத்தொண்ணு. முப்பத்தாறுக்குள்ள கொண்டு வாங்க சார். வீட்ல யாருக்காவது நெஞ்சுவலி வந்திருக்கா?"

மாஸ்டர் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிதான் சொன்னாள். "இவங்க அண்ணனுக்கு. அம்பத்திநாலு வயசுல. கடையைப் பூட்டக் குனிஞ்சவர் நிமிரவே இல்ல."

மாஸ்டருக்கு இப்போது ஐம்பத்துமூன்று.

வீடு கடைக்கு மேலே மூன்றாவது மாடியில். அன்று அவர் மாடி ஏறவில்லை. நேராகக் கடைக்குள் போய்த் தன் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிக்கொண்டார். முப்பத்தொன்பது.

"இங்க வந்து பாரு. முப்பத்தொன்பதுதான். அந்தப் பொண்ணுக்கு அளக்கவே தெரியல."

"வயித்தை எக்கிக்கிட்டு அளந்தா முப்பதுகூடத்தான் வரும்" என்றாள் மனைவி. "இனிமே உங்களை நீங்க அளக்க வேணாம். மாசாமாசம் அந்தப் பொண்ணே அளக்கட்டும். நான் அவளைத்தான் நம்புவேன்."

அவருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக டேப்பும் கையுமாக இருக்கிறவனுக்கு இந்த மரியாதைதானா என்று முணுமுணுத்தார். ஆனாலும் சத்தியம் கேட்டாள், செய்து கொடுத்தார்.

அவளிடம் ஒரு துணி இருந்தது. கருநீலம், கம்பளி கலந்தது, கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கடையில் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை. அந்த வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்து, தெருக்கோடி ஜவுளிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து வரவழைத்த துணி. மாஸ்டர் ஊருக்கெல்லாம் கோட்டு தைத்திருக்கிறார், தனக்கென்று ஒன்று தைத்துக்கொண்டதே இல்லை. கல்யாண போட்டோவில் இரவல் கோட்டுக்குள் தொலைந்துபோன ஆளாக நிற்கிறார். நாலு மாதத்தில் இருபத்தைந்தாவது கல்யாண நாள். அன்றைக்கு அவருக்கென்றே தைத்த கோட்டில் அவர் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

மறுநாள் அவள் நூல் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து மாஸ்டர் அந்தத் துணியை மேஜையில் விரித்தார். எதிரில் சாவி செய்கிறவர், தெருவிலேயே நீளமான வாய் அவருக்குத்தான், எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், துணி பத்துமா? இல்ல, என் கடைத் திரையைக் கழட்டித் தரட்டுமா?"

கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் சிரித்துவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆணியில் தொங்கிய டேப்பை உருவினார். "இடுப்பு முப்பத்தாறு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு சாக்பீஸால் கோடு போட்டார். யாருடைய கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் தையலுக்கு உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விடுவது வழக்கம், பின்னால் ஆள் பருத்தால் பிரித்துவிடலாம் என்று. அதையும் விடவில்லை.

"உள்ள துணி விடலியா மாஸ்டர்?"

"எதுக்கு? நான் இனிமே பெருக்கப் போறதில்ல."

கத்தரி சரசரவென்று ஓடியது. வெட்டி முடித்து நிமிர்ந்தபோது வாசலில் நூல்கண்டுகளோடு மனைவி நின்றிருந்தாள். சாவிக்காரர் சத்தமில்லாமல் தன் கடைக்கு நழுவிவிட்டார்.

அவள் கத்தவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். அதன் பிறகு ஒரு வாரம் அவளிடமிருந்து "ம்" தவிர வேறு எழுத்து வரவில்லை. மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். இறங்கியது. அதுதானே பிரச்சினை.

இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டுதான் அவர் நடக்க ஆரம்பித்தார். முதல் வேலையாக, நடப்பதற்கென்றே பக்கவாட்டில் இரண்டு வெள்ளைக் கோடு வைத்து ஒரு பேண்ட் தைத்துக்கொண்டார். அதைத் தைப்பதில் மூன்று நாள் போனது. நாலாம் நாள் காலை தெருவே பார்க்கிற மாதிரி ஓடினார். பாலம் வரைக்கும் ஓடினவரால் திரும்பி ஓட முடியவில்லை. பஸ் ஏறி வந்தார். பஸ்ஸில் சாவிக்காரர் இருந்தார்.

அடுத்த பத்து நாள் முழங்கால் வீங்கி, மெல்லப் படி இறங்கி வந்து கடையிலேயே உட்கார்ந்து கிடந்தார். கிடந்தால் பசிக்கும். வீட்டில் அவள் தட்டைக் குறைத்துவிட்டாள், அதனால் கடையில் பட்டன் டப்பாவுக்குள் பிஸ்கட் ஒளித்து வைத்தார். காஜா எடுக்கிறவள் பட்டன் டப்பாவைத் திறக்காமல் எங்கே போவாள்? திறந்தாள். பட்டன்களில் ஒட்டியிருந்த தூளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி தைக்க உட்கார்ந்தாள். இரண்டு அறை அறைந்திருந்தால்கூட மாஸ்டருக்கு அவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் விடியும் முன்பே எழுந்து பழைய லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு படி இறங்கினார். வெள்ளைக் கோடு வைத்த பேண்ட்டைத் தொடவில்லை.

வாசலில் அவள் நின்றிருந்தாள், செருப்பு மாட்டிக்கொண்டு. "பேக்கரில உக்காந்துட்டு வந்து நடந்தேன்னு சொல்லுவீங்க. நானும் வரேன்."

சேர்ந்து நடந்தாள் என்று சொல்ல முடியாது. பத்தடி முன்னால் நடந்தாள். முதலில் அவளைப் பிடித்துவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்துக்கொண்டு போவார், மூச்சு இரைத்து எங்கேயாவது கம்பத்தைப் பிடித்து நிற்பார். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருப்பாள். மூன்று வாரம் கழித்துத்தான் அந்தத் துரத்தலை விட்டார். தன் காலுக்கு என்ன வேகமோ அந்த வேகத்தில் போனார். வேடிக்கை என்னவென்றால், அன்றுதான் முதல் தடவையாகப் பாலம்வரை நிற்காமல் போய் நிற்காமல் திரும்பினார்.

நடக்க நடக்க அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. கடை ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறுகிற சத்தம், ரொட்டி வண்டி, நாயோடு ஓடும் பள்ளிக்கூட வாத்தியார் என்று தினம் ஒரே காட்சிதான், அலுக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கண்ணில் பட்டது. அவர் தைத்த பேண்ட்டுகள் நடந்து போயின. இத்தனை வருஷமாக ஆட்களைக் கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்கவைத்து அளந்து, நின்றபடியே போட்டுக் காட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நடக்கும்போது அந்தப் பேண்ட் பின்னால் இழுக்கிறது, பாங்க் கிளார்க் இரண்டடிக்கு ஒரு தடவை அதைப் பிடித்துச் சரிசெய்துகொண்டு போகிறார். மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களை, "கொஞ்சம் அந்தக் கோடிவரைக்கும் நடந்துட்டு வாங்க" என்று சொல்லிப் பார்த்த பிறகுதான் வெட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலங்களில் கோட்டையும் அதே துணியில் வெட்டிய பேண்ட்டையும் தைத்தார். மனைவி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் காஜா எடுத்தாள், ஆனால் அவள் வாழ்நாளில் எடுத்த காஜாக்களில் அதுதான் நேர்த்தி. தைத்து முடித்ததும் உறை போட்டுப் பீரோவில் மாட்டினார்கள். நர்ஸ் வாயால் முப்பத்தாறு என்று கேட்காமல் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை என்று அவர் முடிவு. நர்ஸ் முதல் மாதம் நாற்பது என்றாள். இரண்டாம் மாதம் முப்பத்தொன்பதரை. ஒரு மாத நடைக்கு அரை இஞ்சா என்று மாஸ்டர் அவளோடு சண்டைக்கே போய்விட்டார். மூன்றாம் மாதம் முப்பத்தெட்டு.

கல்யாண நாளுக்கு மூன்று நாள் முன்பு கடைசி அளவு. டேப்பை இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு நர்ஸ் சிரித்தாள். "முப்பத்தேழு. ரொம்ப நல்லாக் குறைச்சிருக்கீங்க சார்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு இஞ்ச். தைத்தது அவர்தான், எங்கேயும் ஒரு நூல் இடம் விடவில்லை என்று அவருக்குத்தான் தெரியும். முப்பத்தேழு இடுப்பை முப்பத்தாறு பேண்ட்டுக்குள் திணித்தால் கொக்கி தெறிக்கும். கோட்டு நடுவில் பிளந்து நிற்கும். மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் நடக்கிற காரியமில்லை. அவளுடைய ஒரே ஆசை, அவளுடைய ஒரே துணி, ஒரு கேலிக்குப் பதில் சொல்லப் போய் வீணாக்கிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கடைக்குள் வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தார். "முப்பத்தேழு" என்றார். "உன் துணியைப் பாழாக்கிட்டேன். மன்னிச்சிடு. அதே மாதிரி துணி எங்கயாவது கிடைக்குமான்னு பாக்கிறேன்."

அவள் மாடிக்குப் போனாள். கோட்டையும் பேண்ட்டையும் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். "போட்டுப் பாருங்க."

"ஏறாது. எனக்குத் தெரியாதா?"

"ஏறலைன்னா நான் பாத்துக்கறேன். போடுங்க."

திரைக்குப் பின்னால் போய், உடம்பை ஒடுக்கிக்கொண்டு பேண்ட்டை மேலே இழுத்தார். கொக்கி மாட்டிக்கொண்டது. மாட்டியதை நம்பாமல் கழற்றி மறுபடி மாட்டினார். கோட்டைப் போட்டார். நடுப் பட்டன் அலுங்காமல் காஜாவுக்குள் போய் உட்கார்ந்தது. மூச்சை விட்டுப் பார்த்தார். துணி எங்கேயும் பிடிக்கவில்லை.

வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கோட்டைப் புரட்டித் தையலைப் பார்த்தார். "நீ பிரிச்சு விட்டியா?"

"பிரிச்சு விட நீங்க துணி வச்சீங்களா?"

அவருடைய தையல்தான். எல்லாமே அவருடைய தையல்தான். எதிர்க்கடையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சாவிக்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. இரும்பு அடி ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். டேப்பை மேஜையில் நீட்டிப் போட்டு ஸ்கேலை மூன்று தடவை வைத்தார். மூன்றடி முடிந்த இடத்தில் டேப்பில் முப்பத்தாறு வரவில்லை. அந்த எண் ஒரு இஞ்ச் தள்ளி, நிஜ முப்பத்தேழில் நின்றது.

பெரிய கத்தரியைத் தேடி அலையக் கூடாது என்று, டேப்பின் நுனியில் அதைக் கட்டி ஆணியில் தொங்கவிடுவது மாஸ்டரின் பழக்கம். அத்தனை வருஷமும் அந்தக் கனத்தில் டேப் இழுபட்டு நீண்டுகொண்டே வந்திருக்கிறது. அதே டேப்பால்தான் ஆளையும் அளந்தார், அதே டேப்பால்தான் துணியையும் வெட்டினார். அதனால் ஒருத்தருக்கும் உடுப்பு இடுப்பில் பிடித்ததில்லை, ஒருத்தருக்கும் சந்தேகமும் வரவில்லை. நர்ஸின் டேப்பும் இவருடைய டேப்பும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தபோதுதான் குட்டு உடைந்தது.

"அப்ப இந்தத் தெருவுல எல்லாரும் மாஸ்டர் கணக்கைவிட ஒரு இஞ்ச் குண்டு" என்றார் சாவிக்காரர். உடனே தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

மனைவி மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு முப்பத்தொன்பதுன்னு சொன்னீங்களே. நான்தான் எக்கினீங்கன்னு சொல்லிட்டேன்."

"அந்தப் பொண்ணு அளந்ததைவிட ரெண்டு இஞ்ச் குறைவா வந்துது இல்லியா" என்றார் மாஸ்டர். "ஒரு இஞ்ச் டேப் பண்ணினது. இன்னொண்ணு நான் எக்கினதுதான்."

அவள் சிரித்தாள். நாலு மாதத்தில் அவர் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துச் சாவிக்காரர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"துணி வீணாகல. இனிமேயாவது கோவத்தை விடேன்" என்றார் மாஸ்டர்.

"துணி மேல இருந்த கோவம் அந்த ஒரு வாரத்தோட போச்சு" என்றாள். "நான் சிரிச்சுப் பேசினா நீங்க நடக்கிறதை விட்டுடுவீங்க. அந்தப் பயத்துலதான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே இருந்தேன். ராத்திரி நீங்க திரும்பிப் படுத்தப்புறம்தான் என்னால சாதாரணமா மூச்சே விட முடிஞ்சுது."

பத்தடி முன்னால் திரும்பிப் பார்க்காமல் போன அந்த முதுகை மாஸ்டர் இத்தனை நாள் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"கோட்டு ஏறாட்டியும் போட்டோ எடுத்திருப்பேன்" என்றாள் அவள். "எனக்குப் பக்கத்துல நிக்க ஆள் வேணும். அடுத்த வருஷம் உங்களுக்கு அண்ணன் வயசு வருது. அதைத் தாண்டணும். அதுக்கப்புறமும் நாம நடக்கணும்."

"தாண்டிடலாம்" என்றார் அவர். இன்னொரு தடவையும் சொன்னார். "தாண்டிடலாம். இன்னும் ஒரு இஞ்ச் பாக்கி இருக்கு இல்ல."

கல்யாண நாளன்று போட்டோ எடுத்தார்கள். மறுநாள் காலை அவரை யாரும் எழுப்பவில்லை. நர்ஸும் இல்லை, கெடுவும் இல்லை. அவராகவே எழுந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படி இறங்கி, வாசலில் அவளுக்காகக் காத்து நின்றார். அவள் வந்தாள். பாலம்வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அன்றைக்கு அவள் முன்னால் போகவில்லை.