ஆட்டுக் குரலுக்குப் பாராட்டு விழா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. ஜொகூரில் எங்கள் ஊரான பாலோவின் கோயில் மண்டபத்தில் நடக்கவிருந்த பாராட்டு விழாவின் மலருக்கு நான் எழுதிய கட்டுரை இது. நம்மூரில் பாராட்டு விழா என்றால் மலர் வேண்டும். மலர் என்றால் இரண்டு வாரம் முன்னதாகவே அச்சுக்குப் போக வேண்டும். அதனால் நடக்காத ஒன்றை நடந்து முடிந்ததாக எழுதிக் கொடுத்தேன்: "தர்மினி கதிரேசு உலக விருதை வென்றார்." ஐந்நூறு பிரதிகள் மண்டபத்து மேசையில் வந்து இறங்கியபோது, விருது இன்னும் அறிவிக்கப்படவே இல்லை.

அன்றிலிருந்து அந்தக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். திருத்தத் திருத்த அது கதையாகிவிட்டது.

2

தொடக்கம் அ: "ஜொகூரின் இளங்காலைப் பனி செம்பனைத் தோட்டங்களைத் தழுவ…" (பாலோவில் பனியா? காலை எட்டு மணிக்கே சட்டை நனைகிற ஊர். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் ஆ: "அந்த ஆட்டின் கண்களில்…" (வேண்டாம்.)

தொடக்கம் இ: இருப்பதை இருக்கிறபடி சொல்வது.

'அக்கினிக் கோட்டை' என்று ஒரு கணினி விளையாட்டு. விளையாடுகிறவர் ஒரு வீரனின் வேடமேற்று எண்பது மணி நேரம் மலை மலையாக அலைய வேண்டும். வீரனுக்குப் பின்னால் ஓர் ஆடு போகும். உலகம் வீரனைக் கண்டுகொள்ளவில்லை, ஆட்டின் மேல் உயிரையே விட்டது. அந்த ஆட்டுக்குக் குரல் கொடுத்தவர்தான் தர்மினி. முப்பத்து நான்கு வயது. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, ஜேபி என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஜொகூர் பாருவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தவர். ஆண்டிறுதி விருதுகளில் அந்த விளையாட்டு ஒன்பது பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. ஒன்பதாவது பிரிவு, சிறந்த துணைப் பாத்திரக் குரல். அதில் தர்மினியின் பெயர் இருந்தது.*

* ஆட்டுக்கு மொத்தம் மூன்று 'மே'. பசி, பயம், பிரிவு. மூன்றாவதற்கு மட்டும் பதினோரு நாள் பதிவு நடந்ததாம்.

3

இப்போது ஒரு சிக்கல். தர்மினியின் அப்பா கதிரேசுவை எனக்கு எழுத வரவில்லை. சிலோன்காரர், நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டிருப்பார். மலருக்காகப் பேட்டி காணப் போனேன்.

"எழுதுங்கோ தம்பி. ஆனா ஆடு எண்டு மட்டும் போடாதேங்கோ."

"பிறகு என்னன்னு போடுறது ஐயா?"

"கால்நடை சம்பந்தமான துறை எண்டு போடுங்கோ."

தர்மினி என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினார். "சார், மூணு வருசமா நான் என்ன வேலை செய்றேன்னு அப்பா யார்கிட்டயும் சொன்னதில்ல. கேட்டா 'ஜேபியில வேலை', அவ்வளவுதான். நான் குளியலறையில கதவச் சாத்திட்டு பயிற்சி பண்ணா, வானொலியச் சத்தமா வச்சிடுவாரு. விருது கிடைச்சா வாயத் திறந்து சொல்லுவாரு லா. கிடைக்கலனா இந்த சென்மத்துல இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. முதல் வரைவில் கதிரேசுவைக் கொடுமைக்காரராகவே எழுதினேன். மறுநாள் படித்தபோது நானே நம்பவில்லை. வானொலியை எழுந்து போய் வைக்கிற மனிதர், அதற்கு முன் கொஞ்ச நேரமாவது காது கொடுத்திருக்க மாட்டாரா? தெரியவில்லை. அப்படியே விட்டேன்.

4

அமெரிக்காவில் இரவு, நமக்கு நண்பகல். கோயில் தலைவர் வேலு அண்ணன் மண்டபத்தில் பெரிய திரை கட்டியிருந்தார். மேலே பதாகை: "உலக விருது பெற்ற ஆட்டுக்குரல் அரசிக்குப் பாராட்டு". நாதசுரக்காரர் அர்ச்சுனனிடம் ஒரே ஒரு கட்டளை: விளையாட்டின் பேர் வந்ததும் கெட்டிமேளம்.

முதல் பிரிவு, சிறந்த இசை. பரிந்துரைப் பட்டியலில் 'அக்கினிக் கோட்டை' தெரிந்ததுமே கெட்டிமேளம் கொட்டிவிட்டது. ஜனங்கள் எழுந்து அட்சதை போட்டார்கள். விருது வேறொன்றுக்குப் போனது.

"அலமாக்! தோத்துட்டோம்யா! ஏன் வாசிச்சீங்க?" என்றார் வேலு அண்ணன்.

"பேரு வந்தா வாசிக்கச் சொன்னீங்க தானே லா? வந்துச்சே!"

இப்படியே எட்டு முறை. எட்டுத் தோல்வி, எட்டுக் கெட்டிமேளம். அட்சதை தீர்ந்து, சமையற்கட்டிலிருந்து பச்சரிசி வந்தது. எட்டாவதற்குப் பிறகு தர்மினி மெதுவாக எழுந்து பின்கதவுப் பக்கம் போய் ஒரு காலில் செருப்பை மாட்டினார். கதிரேசு முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

5

இங்கே மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன. தர்மினி வெல்கிறார் (கட்டுரைக்கு நல்லது, கதைக்குக் கேடு). தோற்கிறார் (எட்டு முறை பார்த்தாகிவிட்டது). மின்சாரம் போகிறது (வெட்கமாக இருக்கிறது).

நடந்தது இது. ஒன்பதாவது பிரிவில் ஒவ்வொருவருடைய குரலையும் ஒரு துண்டு போட்டுக் காட்டினார்கள். தர்மினியின் முறை வந்தது. வீரனை விட்டு ஆடு பிரிகிற காட்சி. ஆடு வாயைத் திறந்தது. சத்தம் இல்லை. நாதசுரத்தின் ஒலிவாங்கியைச் சொருக இடமில்லை என்று யாரோ சற்று முன்புதான் திரையின் ஒலிக்கம்பியைப் பிடுங்கியிருந்தார்கள்.

மண்டபமே ஊமை ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையிலிருந்து வந்தது:

"மே…ஏ…ஏ…"

கதிரேசு. எழுந்து நின்று, கண்ணை மூடி, ஏற்றமும் இறக்கமும் நடுவில் வரும் சின்ன விக்கலும் சேர்த்து. மூன்றாவது 'மே'. வானொலிச் சத்தத்தையும் மீறிக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த 'மே'.

பின்கதவிலிருந்து தர்மினியின் குரல் உடைந்து வந்தது. "கடைசியில இன்னும் கொஞ்சம் இழுக்கணும்பா."

அவர் இழுத்தார். பிறகு மண்டபத்தைத் திரும்பிப் பார்த்து, அலுவலகத்தில் கோப்பு வாசிக்கிற குரலில் சொன்னார்: "அந்த ஆடு என்ர மகள்தான்."

அர்ச்சுனன் யாரும் சொல்லாமலே வாசிக்கத் தொடங்கினார். நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

6

அந்த நேரத்தில் திரையில் உறையைப் பிரித்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாள் நான் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சொல்ல மாட்டேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

சிறந்த துணைப் பாத்திரக் குரலுக்கான விருதைப் பெற்றவர் ____________.

ஒருவேளை தோற்றால் மலரில் ஒட்டுவதற்காக ஐந்நூறு திருத்தச் சீட்டுகளும் முன்பே அடித்து வைத்திருந்தேன். பை இன்னும் பிரிக்காமல் என் காரில் கிடக்கிறது. மலரில் 'வென்றார்' என்றுதான் இருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள்.