தொலைந்துபோன கூண்டு

“அந்தக் கூண்டு எனக்கு வேணும் சார்.”

வேலையைக் கேள், அழுதுகூடக் கேள், கூண்டைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே என்று செருப்புக் கம்பெனி வாசல்வரை அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அம்மா பின்னாலேயே வந்து நிற்க, நாற்காலியில் உட்காருவதற்குள் மகள் அதைத்தான் கேட்டாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். அடக்கத்தில் மட்டும் இன்னும் அரியர்.

“குருவி ஆசையா? வேற ஜோடி வாங்கித் தரேம்மா” என்றார் மேனேஜர்.

அவர் மேசைக்குப் பக்கத்தில் பச்சைப் பெயிண்டோடு ஜொலித்த அந்தக் கூண்டு பிறவியிலேயே பறவைக் கூண்டு அல்ல. செருப்பின் அடிப்பாகம் வெட்டும் மெஷினுக்கு முன்னால் கைக்குக் காவலாக மாட்டியிருந்தது. அதன் கதவைச் சாத்தினால்தான் கத்தி இறங்கும். சாத்தித் திறப்பதிலேயே பொழுது போகிறது என்று மேனேஜர் அதைக் கழற்றச் சொல்லி, ஒயரை முறுக்கிக் கத்தியைத் தானாக இறங்க வைத்தார். நல்ல இரும்பை வீணாக்க மனசு வராமல் அதில் லவ் பேர்ட்ஸ் ஜோடியைக் குடிவைத்தார். கொஞ்ச நாளில், அந்த மெஷினில் வேலை பார்த்த அம்மாவின் வலக்கையில் இரண்டு விரல்களைக் கத்தி கொண்டுபோனது.

கம்பெனிக்கு இரக்க குணம் ஜாஸ்தி. அம்மாவுக்கு லேசான வேலை கொடுத்தது: கூண்டு கழுவுவது. விரலைக் காப்பாற்றியிருக்க வேண்டிய கம்பிகளை மிச்ச விரல்களால் தினமும் தேய்த்தாள். ஆண் பறவைக்கு அந்த மிச்சத்தின் மேலும் ஒரு கண்.

நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் அம்மா பேரில் போட்ட மனுவுக்குக் கம்பெனி கூசாமல் பதில் எழுதியது: கூண்டு இருந்தது, அந்த அம்மாதான் கழற்றித் தொலைத்துவிட்டார். இன்று மதியம் விசாரணை. மனுவை வாபஸ் வாங்கினால் மகளுக்கு ஆபீஸ் வேலை என்று மேனேஜர் ஆசை காட்டியிருந்தார். அந்த வேலையின் மேல் அம்மாவுக்கு உயிர்.

மகள் கூண்டின் அடியைக் காட்டினாள். பெயிண்டுக்குத் தப்பிய ஸ்டிக்கர். கத்திக்குக் கீழே ஒரு கை.

“இது எதுக்கு சார்?”

“குருவி கொத்தும்ல, அதுக்கு.”

“கொத்துனா கை துண்டா விழுமா?”

மேனேஜர் சூடானார். குருவிகள் சாது, மெஷினும் சாது, கவனமில்லாதவர்களுக்குத்தான் எல்லாமே ஆபத்து என்று முழங்கியபடி, பறவையின் சாதுகுணத்தை நிரூபிக்கக் கூண்டுக்குள் கையை விட்டார். ஆண் பறவை ஆட்காட்டி விரலைக் கவ்விக்கொண்டு ஊஞ்சலாடியது.

அவர் போட்ட கூச்சலில் கட்டிங் செக்‌ஷனே கதவருகில் கூடிவிட்டது. மருந்துப் பெட்டி ஓடி வந்தது. அம்மாவின் விரல் போன அன்று டீசல் இல்லாமல் நின்ற கம்பெனி வண்டி, இன்று வாசலில் உறுமியது. அம்மா அவர் விரலைப் பிடித்துப் பஞ்சு சுற்றினாள்.

“கவனமா இருக்க வேணாமா சார்?” என்றாள். அன்று அவளிடம் அவர் சொன்ன அதே ஆறுதல். உள்ளர்த்தம் எதுவும் இல்லாமல்தான் சொன்னாள். கட்டிங் செக்‌ஷன் மொத்தமும் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

மகள் கூண்டைத் தூக்கினாள்.

“திருட்டு கேஸ் குடுத்துடுவேன்” என்றார் மேனேஜர், விரலை நெஞ்சோடு அணைத்தபடி. “வேலையும் கிடையாது.”

“குடுங்க சார். தொலஞ்சு போச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்த கூண்டு கெடச்சிருச்சுன்னு நானே சொல்றேன். வேலைய நீங்களே வச்சுக்கங்க. நாளைலேர்ந்து கூண்டு கழுவ ஆள் வராது.”

அம்மா குறுக்கே வந்து நின்றாள். தடுக்கத்தான் போகிறாள் என்று மகள் பல்லைக் கடித்தாள். அம்மாவோ கூண்டுக்குள் கையை விட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தாள்.

“சிந்திடும். மெதுவாப் போ. அடியில ஒரு கம்பி நீட்டிட்டிருக்கு, கையக் கிழிச்சிடும்.”

மகள் பிடியை மாற்றிக்கொண்டு, அலறும் சாட்சிகள் இரண்டோடும் வெளியே நடந்தாள்.