தலையில் ஊர் மண்

மாதேஷின் காதில் ஒருமுறை விழுந்தது திரும்ப வெளியே போகாது. கம்பெனி பஸ்ஸில் அது தினப்படி வேடிக்கை. யாராவது நீளமாக ஒரு பார்ட் நம்பரைச் சொல்வார்கள். மறுவாரம் கேட்டாலும் கடைசி எழுத்துவரை ஒப்பிப்பான்.

"இவன் மண்டையைக் கழட்டி ஸ்டோர்ல வெச்சிட்டா கம்ப்யூட்டரே வேணாம்" என்பான் அசோக்குமார்.

"கழட்டிக்கோ. சம்பளத்தை மட்டும் ஒடம்புக்குக் குடுத்துடு" என்பான் மாதேஷ்.

பஸ்ஸே சிரிக்கும். பக்கத்து இருக்கையில் சத்யப்ரியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். முலாம் பூசும் பிரிவில் தொட்டிக் கரைசலைச் சோதிக்கிற வேலை. பேச்சு குறைவு. வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நாவல் எழுதினாள். சங்கரன்கோவிலிலிருந்து ஓசூருக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மாறாத அம்மா, "எழுதிக் கிழிச்சது போதும், சாப்பிடுளா" என்று கத்துவாள்.

அது அவளுடைய முதல் நாவல். இருநூறு வருஷத்துக்கு முன்னால், இந்தச் சீமையைப் பாராமகால் என்று அழைத்த காலத்துக் கதை. நாயகன் கெம்பன், எதையும் மறக்காதவன். அவன் வேலை எல்லை நடப்பது. ஊருக்கும் ஊருக்கும் எல்லைத் தகராறு வந்தால், மாரியம்மன் கோயில் வாசல் மண்ணை நனைத்து உருட்டி அவன் தலையில் வைப்பார்கள். அவன் நடந்த தடம்தான் எல்லை. நடக்கும்போது யாரும் அவனோடு பேசக்கூடாது. தடம் தப்பினால் மண் உடையும்; நடந்தவன் அடுத்த திருவிழாவைப் பார்க்கமாட்டான்.

இதெல்லாம் மாதேஷ் சொன்னது. அவர்கள் வம்சம் எல்லை நடந்த வம்சம். மரமும் கல்லும் பள்ளமுமாக அவன் அப்பா சொல்லிக்கொடுத்த தடத்தை ஒரு பாட்டுப்போல அவளுக்குச் சொன்னான். அதில் ஒரு வரி, குண்டுப்பாறையை இடக்கைப் பக்கம் விட்டு நட என்பது.

அந்த வரியைத்தான் அவள் மாற்றினாள். தப்பே செய்யாத கெம்பனை வைத்துக்கொண்டு நாவல் எப்படி நகரும்? அடுத்த ஊர் கவுடன் கொடுத்த வெள்ளிக் காப்புக்கு ஆசைப்பட்டு, கெம்பன் பாறையை வலக்கைப் பக்கம் விட்டு நடந்தான். அந்தக் கட்டம் சரியாக அமையவில்லை. திரும்பத் திரும்ப எழுதினாள். எழுதிய ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் மாதேஷிடம் மெல்லிய குரலில் படித்துக் காட்டினாள். அவளுக்கு வாய்த்த ஒரே வாசகன் அவன். மறுநாள் அவள் எழுதியதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வான். கேட்கக் கேட்க அவளுக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

அந்த மாசியில் மாதேஷின் ஊரிலேயே தகராறு வந்தது. தைலமரம் போட வந்த பொக்லைன் சர்வே கற்களையெல்லாம் புரட்டித் தள்ளியிருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் பக்கத்து நிலத்தை ஒரு லேஅவுட்காரருக்கு விற்றுவிட்டார்கள். குண்டுப்பாறைக்கு அப்பாலுள்ள மேட்டுத் தரிசு யாருக்கு என்பதுதான் கேள்வி. பாறையை இடக்கைப் பக்கம் விட்டு நடந்தால் அது மாதேஷின் ஊருக்கு; வலக்கைப் பக்கம் விட்டால் பக்கத்து ஊருக்கு. மாதேஷின் ஊருக்கு என்றால், வீடில்லாத அவன் தெருக்காரர்களுக்கு அங்கே மனை கிடைக்கும். சர்வேயர் வியாழக்கிழமை வந்து கல் நடுவார். அதற்குள் பேசி முடித்து வையுங்கள் என்று தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார்கள். பழைய முறைப்படியே நடந்துவிடலாம் என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டன. மாதேஷின் அப்பா உயிரோடில்லை. தடம் தெரிந்தவன் மாதேஷ் ஒருவன்தான்.

"ஞாயித்துக்கெழமை வாங்க மேடம். ஒங்க கெம்பனை நேர்லயே பாத்துக்கலாம்" என்றான்.

கடைசி அத்தியாயத்துக்கு ஆகும் என்று அவளும் சந்தோஷமாகப் போனாள்.

மேட்டுத் தரிசில் மாதேஷின் மனைவி வெங்கடம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். நான்கு கல் போட்டு வைத்திருந்தாள். "இங்க அடுப்பு. இந்தப் பக்கம் வாசல். வெளிச்சம் வரும் பாரு கண்ணு."

கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர் திம்மப்பன் ஈர மண்ணை உருட்டி மாதேஷின் தலையில் வைத்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் யாரும் பேசக்கூடாது என்று கூட்டத்தைப் பார்த்துக் கன்னடத்தில் சொல்லிக் கையமர்த்தினார். "யாரூ மாத்தாடபேடி."

பேச்சு அடங்கியது. மாதேஷ் நடந்தான். மண்ணிலிருந்து வழிந்த நீர் நெற்றியில் கோடாக இறங்கியது. அவன் துடைக்கவில்லை. புளியமரம், பள்ளம், உடைந்த கல்தொட்டி என்று தடம் பிசகாமல் போனான். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பின்னால் இரண்டு ஊரும் நடந்தன. லேஅவுட்காரர் பாஸ்கரன் ஓரமாகத் தன் காரில் சாய்ந்து நின்றார்.

குண்டுப்பாறைக்கு முன்னால் மாதேஷ் நின்றான்.

உதடுகள் நின்றுவிட்டன. பிறகு மறுபடியும் அசைந்தன. அவன் என்ன சொல்கிறான் என்று பக்கவாட்டில் ஒதுங்கி நடந்த சத்யப்ரியாவுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அது அவன் அப்பாவின் பாட்டு இல்லை. அவளுடைய வாக்கியம்.

அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், நின்றுவிடுவான். ஆனால் பேசக்கூடாது. சுற்றிலும் அத்தனை பேர்.

மாதேஷ் பாறையை வலக்கைப் பக்கம் விட்டு நடந்தான்.

கூட்டத்திலிருந்து நீண்ட மூச்சு ஒன்று எழுந்தது. பாஸ்கரன் கார்க் கதவிலிருந்து முதுகை எடுத்தார். நம்பமுடியாதவர்போல இரண்டு பக்கமும் பார்த்தார். மேட்டுத் தரிசு அடுத்த ஊருக்குப் போயிற்று. திம்மப்பன் மண்ணை இறக்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"ஒடையல. அப்ப சரியாத்தான் நடந்திருக்கான். நம்ம பெரியவங்க நம்மகிட்டத் தப்பாச் சொல்லிட்டாங்க, இன்னா பண்றது" என்றார். மண்ணைக் கொண்டுபோய்க் கோயில் கல்லில் வைத்தார்கள்.

வெங்கடம்மா தன் நான்கு கல்லையும் எடுக்காமல் போனாள்.

திங்கள்கிழமை பஸ்ஸில் மாதேஷ் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தான். யாரும் பார்ட் நம்பர் கேட்கவில்லை.

"பொண்டாட்டி பேசமாட்டேன்றா மேடம். மனைக்கு ஆசைப்பட்டுத் தடத்தை மாத்த முடியுமா? எங்கப்பன் சொன்னபடிதான நடந்தேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மண்ணு காலையில கீறல் வுட்டிருக்குது. வெயிலுக்குத்தான?"

"காஞ்சா கீறல் விழத்தான் செய்யும் அண்ணா." அது உண்மை. ஈரம் போனால் களிமண் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். யாருக்கும் விளக்கிவிடலாம்.

"அதான பாத்தேன்." அவன் முகம் தெளிந்தது. "கெம்பன் கடைசில என்ன ஆவறான்? அத நீங்க படிக்கவேயில்லையே."

அந்தப் பக்கங்கள் அவள் பையில் இருந்தன. கெம்பன் அவற்றில் திருவிழாவுக்கு முன்னால் செத்திருந்தான்.

சொல்லாவிட்டால் வியாழக்கிழமை கல் நட்டுவிடுவார்கள். வெங்கடம்மாவின் அடுப்பு போய்விடும். சொன்னால் கீறல் இனி வெயிலின் கீறலாக இருக்காது. மண் உடைந்தால் நடந்தவன் பிழைக்கமாட்டான் என்று மாதேஷ் நம்புகிறவன். சிப்காட் திருப்பம் வரும்வரை அவள் பையின் பட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா" என்றாள். "இடக்கைப் பக்கம். உங்க அப்பா சொன்னது இடக்கைப் பக்கம். வலக்கை நான் எழுதினது. வியாழக்கிழமைக்குள்ள பெரியவர்கிட்டச் சொல்லுங்க. நானும் வர்றேன். நானே சொல்றேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தான். இடக்கைப் பக்கம் விட்டு நட. வலக்கைப் பக்கம் விட்டு நடந்தான். இரண்டும் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் வந்தன. இரண்டும் அப்பாவின் குரலிலேயே வந்தன.

"ரெண்டும் இருக்குது மேடம்" என்றான். "எது யாரு சொன்னதுன்னு தெரியலையே."

பஸ் குலுங்கியது. அவன் வலது கை தானாக மேலே போய், தலையில் எதுவோ விழாமல் பிடித்துக்கொள்வதுபோல நின்றது. கழுத்து விறைத்திருந்தது.

கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். அவன் கையை இறக்காமலே படியில் கால் வைத்தான்.