பேனரில் நின்றவள்

ஹெப்சியின் போனில் நாலாயிரம் படம் இருந்தது. நாலாயிரத்திலும் ஹெப்சிதான். எடுத்ததெல்லாம் பெரும்பாலும் பூர்ணிமா. ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருவருக்கும் அடுத்தடுத்த தையல் மெஷின். சாப்பாட்டு மணி அடித்தால் ஹெப்சி முடியைச் சரிசெய்வாள், பூர்ணிமா போனைப் பிடிப்பாள். மூன்று வருஷமாக இதே பாடு. சோறு ஆறிப்போகும், பூர்ணிமா முகம் சுளித்ததில்லை. ஒரே ஒரு தடவை, "என்னையும் ஒண்ணு எடேன்டி" என்று கேட்டாள். நாளைக்கு எடுக்கலாம் என்றாள் ஹெப்சி மகராசி. அந்த நாளை வரவேயில்லை.

ஹெப்சியின் ரீல்ஸைப் பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். ஆனால் அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவள் பூர்ணிமா ஒருத்திதான். அவளை விட்டால் இவளுக்கு நாதி கிடையாது.

பூர்ணிமாவுக்குத் திருப்பத்தூரில் கல்யாணம் நிச்சயமானது. மண்டப வாசலில் பேனர் வைப்பதென்று கம்பெனிப் பெண்கள் முடிவு செய்தார்கள். படத்துக்கு என்ன பஞ்சம், என்னிடம் விடுங்கள் என்று மார்தட்டினாள் ஹெப்சி. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து தேடினாள், தேடினாள், தேடிக்கொண்டே இருந்தாள். பூர்ணிமாவின் விரல் இருந்தது, நிழல் இருந்தது, வீடியோவில் "ம், சிரி" என்ற குரல் இருந்தது. முகம்தான் இல்லை. வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் மானம் போய்விடுமே! கடைசியில் கிறிஸ்துமஸுக்குத் தானே எடுத்த செல்ஃபி ஒன்று அகப்பட்டது. முன்னால் ஹெப்சி, தோளுக்குப் பின்னால் பூர்ணிமாவின் பாதி முகம். அதையே மாப்பிள்ளை படத்தோடு பேனர் கடைக்கு அனுப்பி, பெண்ணின் பெயர் பூர்ணிமா என்று எழுதினாள்.

கடைக்காரர் பின்னால் இருந்த பாதி முகத்தை வெட்டிவிட்டு, மாதிரியைப் போனில் அனுப்பினார். அதில் ஹெப்சியின் முகம் இருந்தது, அழகாகவே இருந்தது. கண் அதைத் தாண்டிப் போனால்தானே! முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுங்கண்ணா என்று எழுதி, ஓகே சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்கு நின்றது பேனர். மாப்பிள்ளை நவநீதன் பக்கத்தில் ஹெப்சி; கீழே, மணமகள் பூர்ணிமா என்று தங்க எழுத்து. பெண்ணை மாற்றிவிட்டீர்களா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுச் சிரித்தார்கள். பூர்ணிமாவின் அப்பா சிரிக்கவில்லை. ஏணி கொண்டுவரச் சொல்லி, தானே ஏறி அவிழ்த்தார். கம்பெனிப் பெண்கள் ஒருத்தியும் ஹெப்சியிடம் பேசவில்லை. இத்தனைக்கும் நடுவில் அவள் மனதில் முதலில் வந்தது, படம் நன்றாக வந்திருக்கிறதே என்பதுதான். வந்த பிறகு அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் மேடையேறினாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனாள். வெறுங்கையாக நிற்கத் தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பூர்ணிமாவின் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை. மூன்று வருஷப் பழக்கத்தில் மருதாணிக் கை தானாக நீண்டது.

"போனைக் குடு. கண்ணைத் தொடைச்சிக்கினு அங்க நில்லு, எடுக்கறேன்."