காலடியில் இன்னொரு கிளட்ச்

ஓட்டல் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு அடுக்கிக்கொண்டே அவள் இடது காலைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்தாள். பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னடி, தையல் மிஷினா ஓட்டறே?"

"கிளட்ச்சு. நாளைக்கு டெஸ்ட்டு இல்ல?"

அந்தச் சலவைக்கூடத்து வேனை இத்தனை வருஷமும் ஓட்டியவர் அவள் புருஷன். எல்லாருக்கும் அவர் டிரைவர். கட்டினவள் வாயிலும் அதுதான் வரும். வலிப்பு வந்து விழுந்தபின், இனி வண்டியைத் தொடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வேன் ஓட்டுகிறவருக்குத்தான் கூடத்தின் பின்பக்கத்து அறை. முதலாளி நல்ல மனுஷர் என்று பேர் எடுத்தவர். "உன் பொண்டாட்டி லைசென்ஸ் வாங்கட்டும்ப்பா. டெஸ்ட் வரைக்கும் வாடகை வண்டியில சமாளிச்சுக்கறேன். பாஸ் பண்ணா வேலையும் அறையும் உங்களுக்குத்தான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற ஆள் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் வந்தவர் எப்போதும் வாயில் எதையாவது அதக்கிக்கொண்டிருப்பார். மிட்டாய் என்று அவள் மனசுக்குள் பேர் வைத்திருந்தாள். "அடடா, என்னமா வழுக்கிக்கிட்டுப் போவுது! ஸ்டியரிங்கோட பொறந்தியாம்மா?" என்பார். அடுத்து வந்தவர் இடி. "கண்ணு எங்க இருக்கு, பொடனியிலயா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவார். மிட்டாய் சொன்னதையெல்லாம் இடி தப்பு என்றார். அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். ஆனாலும் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கார் அலுங்காமல் கிளம்பியது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்திருந்தது.

"ஒரு தடவைகூட ஆஃப் ஆகலயா?" என்று புருஷன் கேட்டார்.

"இல்லயே."

"ஆகாம எப்படி?" என்றார் அவர்.

அன்று மத்தியானம் கடைசி வகுப்பு. மிட்டாயும் இல்லை, இடியும் இல்லை. டீச்சரக்கா என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண் வந்தாள். ஒட்டுப்போட்ட பச்சைத் திண்டு ஒன்றை இருக்கையில் போட்டு உட்கார்ந்தவள், கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். பிறகு இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணமிட்டுக்கொண்டாள்.

"இப்ப எடு."

கார் ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி எடுத்தாள். மறுபடி நின்றது.

"வண்டி ரிப்பேராக்கா?"

"வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. இங்க கீழ பாரு." டீச்சரக்கா கால் வைக்கிற இடத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் இருந்தன. "இத்தனை நாளும் நீ எடுக்கல. நாங்க எடுத்தோம். கத்துக்கறவங்க காலுக்கு விட்டா கிளட்ச் பிளேட்டு எரிஞ்சுடும். எரிஞ்சா எங்க சீட்டு கிழிஞ்சுடும். அதான் எல்லாரும் நைசா மிதிச்சுடறது. நானுந்தான்."

"அப்ப நாளைக்கு?"

"டெஸ்ட்டுல யாரும் மிதிக்க மாட்டாங்க."

பாவிகளா, இப்படியா ஏமாற்றுவீர்கள்! அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். வலிப்பு, வேன், அறை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். டீச்சரக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எந்தச் சலவைக்கூடம்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "சரி, கண்ணைத் தொடச்சுக்க. எரிஞ்சா எரியட்டும். மேட்டுக்கு விடு" என்றாள்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மேட்டுச் சாலை. "காலை மெதுவா விடு. வண்டி லேசா நடுங்கும் பாரு, காலை அங்கயே நிறுத்து. அதுக்கு மேல அவசரப்படாத." கார் நின்றது, உருண்டது, குதித்தது. வெயில் சாயும்போது ஒரே ஒரு முறை ஒழுங்காக ஏறியது. காருக்குள் கருகல் நாற்றம் மூச்சை அடைத்தது.

பள்ளி வாசலில் அதன் முதலாளி மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார். "யாரு வேலை இது?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. "நாளையிலேருந்து வர வேணாம்."

"என்னாலதாங்க..." என்று அவள் ஆரம்பித்தாள். டீச்சரக்கா கையமர்த்திவிட்டுப் பச்சைத் திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார் அதிகாரி. அவள் காலை மெல்ல விட்டாள். கார் நடுங்கியது. காலை அங்கேயே நிறுத்தினாள். அவளும் நடுங்கினாள். கார் ஏறியது.

"பாஸ். அடுத்த ஆள்."

பஸ்ஸைவிட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தவள் சலவைக்கூடத்து வாசலில் அப்படியே நின்றாள். வேன் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் பச்சைத் திண்டு. அதன்மேல் டீச்சரக்கா.

"ஐயா, நான் பாஸ் பண்ணிட்டேன்!"

முதலாளி தலையைச் சொறிந்தார். "அப்படியா? நல்லதும்மா. ஆனா இவங்க விடியக்காலையிலயே வந்து வேலை கேட்டாங்க. நல்ல அனுபவம். உன்னைப் பத்தியும் இவங்ககிட்டயே விசாரிச்சேன். நேத்துதான் கிளட்ச்சே பிடிச்சான்னாங்க. ஓட்டல்காரன் கத்தறான், நான் என்ன பண்ண? இஸ்திரி வேலை உனக்கு எங்கயும் போயிடாது. அறையை மட்டும் சீக்கிரம் ஒழிச்சுக் குடுத்துடுங்க."

டீச்சரக்கா ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. "சத்தியமா உனக்கு ஒரே நாள்ல வராதுன்னு நெனச்சேன்ம்மா" என்றாள். "எனக்கும் வேற போக்கிடம் இல்ல."

அவளுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அதற்குள் அவள் புருஷன் பின்பக்கத்து அறையிலிருந்து வந்து, பழக்கதோஷத்தில் வேனின் கதவைத் தட்டிப் பார்த்துச் சரியாகச் சாத்தினார். "ரெண்டாவது கியரு கொஞ்சம் முரண்டு பண்ணும்மா. அதட்டாத. முழுசா மிதிச்சு நிதானமா போடு, கேக்கும்" என்றார்.

டீச்சரக்கா தலையாட்டினாள். வாசலில் நின்றவளின் இடது கால் செருப்புக்குள் தானாக மெல்ல மேலெழுந்தது. வேன் அலுங்காமல் கிளம்பிப் போயிற்று.