நாற்பத்தொன்றாவது டிக்

எங்கள் மெத்தைக் கம்பெனியின் இரண்டாம் மாடிக்குத் தீப் பாதுகாப்புப் பொறுப்பாளன் நான். சிவப்பு மேல்சட்டை எனக்குத்தான் தொப்பையோடு பொருந்தியது. வேறு தகுதி கிடையாது. மாதம் ஒருமுறை மணி அடிப்பார்கள். நாற்பத்தொரு பேரும் பின்படிக்கட்டு வழியாக இறங்கி முன்வாசலில் நிற்க வேண்டும். நான் பட்டியலில் டிக் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் நாற்பது பேர்தான் இறங்குவார்கள். மிச்சம் ஒருவன் என் மனைவியின் தம்பி. தாமதமாக வருவான், அல்லது வரவே மாட்டான், வந்தால் தூங்குவான். அவனுக்கும் சேர்த்து டிக் போட்டுவிடுவேன். காலையில் அவன் வருகை அட்டையைத் தேய்ப்பதும் நான்தான். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டாமா?

அன்று மணி பயிற்சிக்கு அடிக்கவில்லை. கீழே ஸ்பாஞ்ச் கிடங்கு பற்றிக்கொண்டது. இருமிக்கொண்டே எல்லோரும் இறங்கினோம்.

"எல்லாரும் வந்தாச்சாய்யா?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"நாப்பத்தொண்ணும் சரி சார்!"

சொன்ன பிறகுதான் பட்டியலைப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் கை அவனுக்கும் டிக் போட்டிருந்தது. அவனுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

அதற்குள் வண்டியோடு வந்து இறங்கிய தீயணைப்பு அதிகாரி, "அப்ப உள்ளே யாரையும் அனுப்பலை. தரை தாங்காது" என்றார்.

"சார்... ஒரு ஆள் குறையுது."

"இப்பதானே சரின்னே?"

"பொய் சார். என் மச்சான்."

"கார்டு தேய்ச்சிருக்கானே!" என்றார் சூப்பர்வைசர்.

"அதுவும் நான்தான் சார்."

அதிகாரி என் சட்டையைப் பிடித்தார். "நான் ரெண்டு பேரை அனுப்பணும். அவங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு. இருக்கானா, இல்லையா?"

"தெரியல சார். சத்தியமா தெரியல."

"இருந்தா எங்க இருப்பான்?"

"சரக்கு ரூம்ல, மெத்தை அடுக்குக்குப் பின்னாடி. ஜன்னல் ஓரம். கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குவான்."

இரண்டு பேர் ஏணியில் ஏறி, கண்ணாடியை உடைத்துப் புகைக்குள் மறைந்தார்கள். என் ஒரு டிக்குக்கு மூன்று உயிர். போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, உங்க பக்கம் தீயாமே! தம்பி உங்ககூடத்தானே இருக்கான்?"

கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக எனக்குப் பொய் வரவில்லை.

"ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றேன். அவள் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

உள்ளே ஏதோ இடிந்து விழுந்தது. அதிகாரி வாக்கிடாக்கியில் இரண்டு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ஜன்னலில் ஒரு பூட்ஸ் கால் தெரிந்தது. அதன்பின் ஒரு முதுகு. அதன்மேல் மூட்டையாக என் மச்சான். பின்னாலேயே இன்னொருவரும் வந்தார்.

"கதவு சாத்தியிருந்துச்சு. அதான் பிழைச்சான்" என்றார் தூக்கி வந்தவர்.

"இருக்கான்டி" என்றேன் போனில்.

தரையில் கிடத்தி ஆக்சிஜன் வைத்தார்கள். கரி முகத்தில் ஒரு கண் மட்டும் திறந்தது. என் கையை இழுத்து ரகசியமாகக் கேட்டான்:

"மாமா, சூப்பர்வைசர் பாத்துட்டாரா?"

அறைய ஓங்கிய கை அவன் தலையில் போய் நின்றுவிட்டது. அவன் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கதான்டா இருக்கேன்" என்றார் சூப்பர்வைசர். "பேசாம படு."