சுனையில் கழுவிய கால்கள்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்து வணிகர் ஒருவருக்கு நான் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாகப் பணிபுரிந்து வந்தேன். உச்சியிலிருந்து ஏரியைக் கண்டு களிக்க அவர் விரும்பியதால், கம்பாக்கம் மலைக்கு உடன் சென்றேன். காட்சி அழகாகவே இருந்தது. ஆனால் அவரோ தின்ற கோழியின் எலும்புகளை அங்கிருந்த அம்மன் சுனையில் எறிந்து, புண் பிடித்த கால்களை அதில் அமிழ்த்தி, எச்சிலும் உமிழ்ந்தார். நானோ பணிவுடன் நின்றேன்.

அப்போது மீனவக் குப்பத்து இருசம்மாள், கணவன் தேசப்பனுடன் கைக்குழந்தையை ஏந்தி வந்தாள். அச்சுனை நீரால் குழந்தையின் தலையை நனைத்து முடியிறக்குவதாக அவர்களுக்கு வேண்டுதல்.

"இன்னா சாமி இது? காலை எடுக்கச் சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

"கோட்டை தொரை அவரு, மெதுவா பேசு" என்றான் தேசப்பன்.

"தொரைன்னா சீழு மணக்குமா?"

அவள் கூறுவது யாதென வணிகர் வினவினார். குழந்தைக்கு வைசூரி கண்டிருப்பதாகவும், அதைக் கழுவவே வந்திருப்பதாகவும் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தேன். அவர் காலணியையும் மறந்து கீழே ஓடினார்.

சுனையில் கொழுப்பும் சீழும் மிதந்தன.

"இதையா எம்புள்ள தலையில ஊத்துறது?" என்று இருசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஊறும், இரு" என்ற தேசப்பன், தோணியில் புகுந்த நீரை இறைப்பதுபோல் சொம்பால் இறைத்துக் கொட்டினான். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு எலும்புகளைப் பொறுக்கினேன். அடிப்பாறை தெரிந்தபின் தெளிந்த நீர் மெல்லக் கசிந்தது. ஆவலுடன் கை நீட்டினேன்.

"சாமி, அந்தக் கையோட தொடாதீங்க" என்றாள் இருசம்மாள்.